குதிரைக்குட்டியும் பெண் குழந்தையும்

சீர்காழிப் பக்கத்தில், பிள்ளை வரத்துக்காகத் திருவெண்காட்டு முக்குளத்தில் முழுகி வந்தவளையே, பிறந்தது பெண் என்றதும் மாமியார் ஏசுகிறாள். அந்த அம்மாளுக்கு ஒரு குதிரையைக் காட்டுகிறோம்.

சினைக் குதிரையின் இரத்தத்தில் ஏறும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனுக்கு மூலச் சரக்கைத் தருவது வயிற்றிலுள்ள குட்டியே. ஆண்குட்டியின் விதையும் பெண்குட்டியின் சூலகமும் ஒன்றுபோலவே பருத்து அதைச் சுரக்கின்றன. ஆகவே அது குட்டியை ஆணாக்குவதுமில்லை, பெண்ணாக்குவதுமில்லை. அதை, கருத்தரிக்கும்போதே தீர்த்துவிடுவது பொலிகுதிரையின் வித்து. 1905-இல் ஸ்டீவன்ஸ் அம்மையாரும் வில்சனும் பூச்சிகளில் கண்ட குரோமோசோம்களே இதற்கு வழிகாட்டின. மனிதருக்கும் இதுவே விதி.

அப்படியிருக்க, ஏசித்தான் தீரவேண்டுமென்றால் மாமியார் தன் மகனையல்லவா ஏசவேண்டும்? நாம் கேட்பது அதுவுமல்ல. பெண் பிறந்ததற்கு ஏச்சு எதற்கு?