ஓதத் தெரிந்தவரும் ஓதிக்கொடுக்கத் தெரிந்தவரும்

அரபுக் கல்லூரியின் பட்டமளிப்பு விழா என்றால் ஊரே திரண்டு விடும். ஏழாண்டுகள் போல ஊண் உறக்கம் பாராது ஓதிய இளைஞருக்குத் தலைப்பாகை சூட்டி, ஸனதைக் கையில் கொடுத்து, பெரியவர்கள் துஆச் செய்து அனுப்புகிறார்கள். பெற்றோரின் கண்கள் கலங்குகின்றன. மறு மாதமே அந்த இளம் ஆலிம் ஏதேனும் ஒரு மஹல்லாவில் பணியமர்கிறார். சுபுஹுத் தொழுகை முடிந்ததும் அவர்முன் நாற்பது பிள்ளைகள் வந்து அமர்கிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளையும் உண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் உண்டு. ஒருவன் அலிஃபையும் லாமையும் பிரித்தறியாதவன். இன்னொருத்தி யாசீன் சூராவை மனனம் செய்தவள். பள்ளிக்கூட வண்டி வருவதற்குள் கிடைப்பதோ ஒரு மணி நேரம். இவர்களை எப்படிப் பிரித்து அமர்த்துவது, யாருக்கு எதை முதலில் சொல்லிக் கொடுப்பது, விம்முகிற பிள்ளையை எப்படித் தேற்றுவது என்றெல்லாம் அந்த ஏழாண்டுகளில் அவருக்கு யாரேனும் சொல்லித் தந்தார்களா? பல கல்லூரிகளில் இல்லை என்பதே விடை.

ஓதத் தெரிந்தவர் ஓதிக்கொடுக்கவும் தெரிந்தவரே என்று நாம் எண்ணி வந்திருக்கிறோம். ஸனது, அவர் கற்றதற்குச் சான்று. கற்பிப்பதற்கு அது சான்றாகாது. ஆசிரியப் பணிக்கென்று தனியே ஒரு பயிற்சி வேண்டும் என்றால், சிலர் அதனை இக்காலத்துப் புதுமை என்றும், மேல்நாட்டாரிடம் இரவல் வாங்கிய கருத்து என்றும் ஒதுக்கக் கூடும். உண்மை அதுவன்று.

துனீஸ் நகரில் 1332-இல் பிறந்து 1406-இல் கெய்ரோவில் மறைந்த வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் (ரஹ்), 1377-இல் எழுதி முடித்த தம் 'முகத்திமா'வில் தச்சு, நெசவு முதலான தொழில்களை வரிசையாக ஆராய்கிறார். அதே நூலில், கல்வி கற்பித்தலும் தொழில்களுள் ஒன்றே என்று தனித் தலைப்பிட்டு நிறுவுகிறார். ஒரு பொருளைப் புரிந்து கொள்வது வேறு. அதனைக் கையாளும் திறன் வேறு. திறன் என்பது செய்து செய்து கைவருவது. வல்லார் ஒருவரிடம் பார்த்துப் பழகுவது. இதற்கு அவர் தம் காலத்திலிருந்தே சான்று காட்டுகிறார். மொராக்கோவில் மதரஸா மாணவர்களுக்குப் பதினாறு ஆண்டுகள் பிடித்த படிப்பு துனீஸில் ஐந்தே ஆண்டுகளில் முடிந்ததாம். மொராக்கோ மாணவர் அறிவில் குறைந்தவர் அல்லர். கற்பிக்கும் மரபு அங்கே அறுந்து போயிருந்தது. மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் வாய் திறவாமல் அமர்ந்து மனனம் மட்டுமே செய்தார்கள். காரணம் இதுவே என்கிறார் அவர். அறுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இக்கணக்கை நம் மக்தபுகளின் வாயிலில் எழுதி வைத்தாலும் தகும்.

அவருக்கும் முன்னே செல்வோம். முதலாம் அகபா உடன்படிக்கைக்குப் பின் யத்ரிபு நகரத்தாருக்குக் குர்ஆனைக் கற்பிக்க அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அனுப்பியது முஸ்அப் இப்னு உமைர் (ரலி) என்னும் இளைஞரை. ஈட்டியுடன் சினந்து வந்த உஸைதிடம், சற்று அமர்ந்து கேளுங்கள், பிடிக்காவிடில் நாங்கள் நிறுத்திக் கொள்கிறோம் என்ற கருத்தில் அவர் அமைதியாகப் பேசினார் என்பது வரலாறு. சீறி வருபவரை உட்கார வைக்கத் தெரிந்தவரே அப்பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பத்ருப் போருக்குப் பின், எழுத்தறிந்த கைதிகள் மதீனத்துப் பிள்ளைகள் பதின்மருக்கு எழுதக் கற்றுக் கொடுத்தால் அதுவே மீட்புத் தொகை என்று ஏற்கப்பட்ட செய்தியை நாம் மேடைதோறும் கேட்டிருக்கிறோம். கற்பிக்கும் தொழிலுக்கு அங்கே விலை மதிக்கப்பட்டது என்பதை மட்டும் இங்கே நினைவிற் கொள்வோம்.

மேடைகளில் அவ்வளவாகக் கேளாத மற்றொரு நிகழ்ச்சி உண்டு. முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) என்பவர் இஸ்லாத்திற்குப் புதியவர். ஜமாஅத்தில் நின்று தொழுகையில் ஒருவர் தும்மினார். இவர் தொழுகையிலேயே அவருக்காக வாய்விட்டு துஆச் செய்துவிட்டார். சுற்றி நின்றோர் விழித்துப் பார்த்தனர். எதற்காக இப்படிப் பார்க்கிறீர்கள் என்று அதற்கும் இவர் வாய் திறந்தார். அவர்கள் தொடையில் தட்டி இவரை அடக்கினர். தொழுகை முடிந்ததும் பெருமானார் (ஸல்) அவர்கள் இவரைக் கடிந்து கொள்ளவில்லை, அடிக்கவில்லை, ஏசவில்லை. தொழுகை மனிதர் பேச்சுக்கு உரிய இடமன்று, அது இறைவனைத் துதிப்பதற்கும் திருமறை ஓதுவதற்கும் உரியது என்று விளக்கினார்கள். அவரினும் சிறந்த ஆசிரியரை அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை என்று பிற்காலத்தில் முஆவியா (ரலி) சொன்னது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அன்று சுற்றி நின்றவர்களுக்கும் தொழுகையின் சட்டம் தெரியும். தெரியாத ஒருவருக்கு அதைச் சொல்லும் வகைதான் அவர்களிடம் இல்லை. நம் உஸ்தாதுகளில் பலர் நிற்பது அந்தத் தோழர்களின் இடத்தில்தான்.

ஆசிரியருக்கென்றே நூல் எழுதியவர்களும் நம்மில் உண்டு. ஹிஜ்ரி 256-இல் (கி.பி. 870) மறைந்த கைரவான் நகரத்து இப்னு ஸஹ்னூன் (ரஹ்) 'ஆதாபுல் முஅல்லிமீன்' என்று ஒரு சிறு நூல் எழுதினார். பேரறிஞர்களுக்காக எழுதியதன்று. தெருவில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துச் சிறுபிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தாரே, அந்த எளிய ஆசிரியருக்காக எழுதியது. படிக்கப் படிக்க வியப்பாயிருக்கும். ஏழைப் பிள்ளையும் செல்வர் வீட்டுப் பிள்ளையும் அவர் முன் ஒன்றே. பிள்ளைகளைத் தம் சொந்த வேலைக்கு ஏவக் கூடாது. ஒப்புக்கொண்ட கூலிக்கு மேல் அன்பளிப்புக் கொண்டுவரும்படி பிள்ளைகளிடம் கேட்கக் கூடாது. சினம் கொண்ட நிலையில் கை ஓங்கக் கூடாது. கண்டிப்பதற்கும் எல்லை வகுத்து, பிரம்பைக்கூட ஆசிரியர் தம் காசில்தான் வாங்க வேண்டும், பிள்ளைகளின் காசில் வாங்கலாகாது என்கிறார்! (இந்த ஒரு விதியை மட்டும் நடைமுறைப்படுத்தியிருந்தால் எத்தனையோ பிரம்புகள் கடையிலேயே கிடந்திருக்கும்.)

இவை யாவினும் நம் காலத்துக்கு உறைக்க வேண்டியது மற்றொன்று. தமக்குத் தவிர்க்க முடியாத ஜனாஸாவைத் தவிர மற்ற ஜனாஸாக்களுக்கு, பாடவேளையில் ஆசிரியர் எழுந்து போகலாகாது என்கிறார் இப்னு ஸஹ்னூன். ஜனாஸாவில் கலந்து கொள்வதன் நன்மையை அறியாதவரா அவர்? அந்த நேரம் பிள்ளைகளுக்கு விற்கப்பட்ட நேரம். அதை வேறொரு நற்செயலுக்கும் எடுத்துக் கொடுக்க ஆசிரியருக்கு உரிமையில்லை என்பதே அவர் வாதம். நம் மஹல்லாக்களில் நடப்பதென்ன? பாடம் நடக்கும்போதே ஃபாத்திஹா ஓத அழைப்பு வருகிறது. கடை திறப்புக்கு அழைப்பு வருகிறது. நிர்வாகியின் வீட்டு விசேஷத்திற்கு அழைப்பு வருகிறது. மறுத்தால் மனவருத்தம். உஸ்தாது எழுந்து போகிறார். பெரிய பையன் ஒருவன் பிரம்பை எடுத்துக் கொள்கிறான். ஊரார் அவரை ஆசிரியராகக் காணவில்லை. எதற்கும் கூப்பிடக்கூடிய ஆளாகக் காண்கிறார்கள். நாளடைவில் அவரும் தம்மை அவ்வாறே காணத் தொடங்கி விடுகிறார். மக்தபு, தொழ வைக்கும் பணிக்கு இடையே வந்து ஒட்டிக்கொண்ட ஒரு சுமையாகிறது. வேறு வேலை கிடைக்கும் வரை என்ற எண்ணம் மனத்தில் குடியேறுகிறது. ஒருவருக்குத் தாம் ஆசிரியர் என்ற உணர்வு உள்ளே ஊன்றாத வரை எந்தப் பயிற்சியும் அவரிடம் தங்காது.

இவ்வுணர்வைப் பற்றிப் பேசுகையில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களை விட்டுச் செல்ல இயலாது. 1091-இல், முப்பத்து மூன்று வயதளவில், பாக்தாத் நிஜாமிய்யா மதரஸாவின் ஆசிரியர் பீடம் அவர்களுக்குக் கிடைத்தது. முந்நூறு மாணவர்கள் முன்னே அமர்ந்தனர். அறிவில் குறையில்லை, புகழிலும் குறையில்லை. ஆயினும் தாம் கற்பிப்பது இறைவனுக்காகவா, பெயருக்காகவா என்ற கேள்வி அவர்களை அரித்தது. நாவே எழாமல் போனது. 1095-இல் பீடத்தைத் துறந்து புறப்பட்டார்கள். பதினோராண்டுகள் கழித்து 1106-இல் நைஸாபூரில் மீண்டும் கற்பிக்க அமர்ந்தார்கள். பணி பழையதாயினும், அதைச் செய்கிற தாம் பழையவர் அல்லர் என்று தம் வரலாற்றில் விளக்குகிறார்கள். 'இஹ்யா'வில் ஆசிரியருக்கு அவர்கள் வகுத்த கடமைகள் எட்டு. மாணவனைத் தம் பிள்ளையாகக் கருதுவது முதற் கடமை. மாணவனின் அறிவு தாங்கும் அளவுக்கே சொல்வதும், தவற்றை எல்லார் முன்னும் உடைக்காமல் குறிப்பாக உணர்த்துவதும் அவற்றுள் அடங்கும்.

கைம்மாறு கருதாமல் கற்பிக்க வேண்டும் என்பதும் அவ்வெட்டில் ஒன்று. நம் நிர்வாகிகளில் சிலருக்கு மற்ற ஏழும் தெரியாது. இது மட்டும் நன்றாகத் தெரியும்! சம்பளம் உயர்த்தக் கேட்டால் இக்லாஸைப் பற்றி உபதேசம் செய்கிறார்கள். கஸ்ஸாலி (ரஹ்) அதைச் சொன்னது ஆசிரியரின் உள்ளத்துக்கு. நிர்வாகியின் பணப்பெட்டிக்கு அன்று. சிறுபிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவர் கூலி பெறலாம் என்று இப்னு ஸஹ்னூன் தெளிவாகவே எழுதினார். காலையில் ஓதிக்கொடுத்துவிட்டு நாள் முழுதும் வேறு பிழைப்புத் தேடி ஓடுகிற ஒருவர், நாளைய பாடத்தை எப்போது சிந்திப்பார்?

இனி, பள்ளிக்கூட ஆசிரியரைப் பாருங்கள். 2015-இல் பி.எட். படிப்பு நம் நாட்டில் ஈராண்டாக ஆக்கப்பட்டபோது, அதில் இருபது வாரங்கள் பள்ளியிலேயே கழிய வேண்டும் என்று விதிக்கப்பட்டது. பயிற்சி மாணவர் ஒவ்வொரு பாடத்துக்கும் முன்கூட்டியே குறிப்பு எழுதுகிறார். முதலில் ஐந்து பத்து நிமிடங்கள் சக மாணவர்முன் ஒரே ஒரு கருத்தைக் கற்பித்துக் காட்டுகிறார். குறை சொல்லப்படுகிறது, திருத்தி மீண்டும் நடத்துகிறார். பிறகே வகுப்பறை; அங்கும் பின் வரிசையில் அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் அமர்ந்து கவனிக்கிறார். இவ்வளவும் செய்தவர் எல்லாரும் நல்லாசிரியராகி விடுகிறார்கள் என்று கூற மாட்டேன். தமிழ்நாட்டில் 2012-இல் நடந்த முதல் ஆசிரியர் தகுதித் தேர்வில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை என்பதை அறிவோம். எனினும், பிள்ளையின்முன் அமர்வதற்கு முன்னால் பழக வேண்டும் என்ற கொள்கையேனும் அங்கு இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்தது. 2012-இல் அதனைத் திருத்தியபோது மதரஸாக்களுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று விலக்களித்தார்கள். சட்டம் கேளாவிட்டால் என்ன, மறுமையில் கேள்வி இல்லையா?

நம் கல்லூரிகளில் பயிற்சி என்பதே இல்லை என்பதும் சரியன்று. பலவற்றில் வியாழன் இரவுகளில் பேச்சுப் பயிற்சி நடக்கிறது. கூச்சமுள்ள பையன் மூன்றே ஆண்டுகளில் மிம்பரில் ஏறி முழங்குகிறான். பழக்கினால் வரும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆனால் மிம்பர் வாரத்திற்கு ஒரு நாள்; மக்தபு ஆறு நாள். மிம்பரின்முன் அமர்பவர் பெரியவர். பிடிக்காவிட்டால் வேறு பள்ளிவாசலுக்குப் போவார். மக்தபில் அமர்பவள் ஆறு வயதுச் சிறுமி. அவள் எங்கே போவாள்? பன்னிரண்டு வயதில் கத்தம் முடித்து, வீட்டில் இனிப்பு வழங்கிய மறுநாளிலிருந்து முஸ்ஹஃபைத் தொடாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு வீட்டிலும் எண்ணிப் பார்க்கலாம். அவர்களுக்கு ஓதத் தெரியும். ஓதும் ஆசைதான் அந்தப் பாயிலேயே விட்டுப் போயிற்று.

நிஸ்வான் மதரஸாக்களிலிருந்து வெளிவரும் ஆலிமாக்களுக்கும் இது முற்றும் பொருந்தும். ஒரு காலத்தில் தம் வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் ஓதிக்கொடுத்த மூதாட்டிகள் ஸனது பெற்றவர் அல்லர். ஆனால் பத்துப் பிள்ளை வளர்த்த பழக்கம் அவர்களுக்கு இருந்தது. எந்தப் பிள்ளை பசியால் அழுகிறது, எது பயத்தால் அழுகிறது என்று முகம் பார்த்தே அறிந்தார்கள். பதினெட்டு வயது ஆலிமாவிடம் அதை எதிர்பார்க்க முடியாது. கற்றுத்தான் கொடுக்க வேண்டும்.

கற்றுக்கொடுக்க ஆள் இல்லையா? ஓய்வு பெற்ற தலைமையாசிரியரோ ஆசிரியையோ ஒருவர் இல்லாத மஹல்லா அரிது. முப்பது ஆண்டுகள் முதல் வகுப்புப் பிள்ளைகளைக் கையாண்டவர்கள் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே பள்ளிவாசல் திண்ணையில் செய்தித்தாள் படித்துக் கொண்டிருக்கிறார்கள். இத்தனை ஆண்டுகளில் எந்த நிர்வாகமும் அவர்களிடம் வந்து, எங்கள் இளம் உஸ்தாதுக்குச் சற்று உதவுங்கள் என்று கேட்டதாகத் தெரியவில்லை. இரண்டு தரப்பிலும் ஒரு தயக்கம். மார்க்கக் கல்வியில் உலகக் கல்விக்காரருக்கு என்ன வேலை என்று ஒரு சாராரும், ஆலிம்களுக்கு நாம் சொல்வதா என்று மறு சாராரும் ஒதுங்கி நிற்கிறார்கள். நாற்பது பிள்ளைகளை நான்கு வரிசையாகப் பிரிப்பதில் மார்க்க வேறுபாடு ஏதுமில்லை.

அரபுக் கல்லூரிகள் ஷவ்வாலில் மீண்டும் திறக்கும். இறுதியாண்டு மாணவர்களை இருவர் இருவராக அருகிலுள்ள மக்தபுகளுக்குக் காலைதோறும் அனுப்பலாம். முதல் மாதம் அவர்கள் பார்த்துக் கொண்டிருக்கட்டும். இரண்டாம் மாதம் ஐந்து பிள்ளைகளை மட்டும் பொறுப்பேற்கட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, இன்று எங்கே தடுமாறியது, நாளை எங்கிருந்து தொடங்குவது என்று எழுதட்டும். மூத்த உஸ்தாது வாரம் ஒருமுறை அக்குறிப்பைப் பார்த்துத் திருத்தட்டும். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டியதில்லை, வசூல் வேண்டியதில்லை. ஆளுக்கொரு குறிப்பேடும், போய்வர ஒரு மிதிவண்டியும் போதும்.