இடது ஓரத்து அங்கிள்

தாய்ச்சி வகுப்பில் புதிதாகச் சேர்பவரை நடு வரிசையில்தான் நிறுத்துவார்கள். முதல் நாள் அது ஏனென்று விளங்காது. முன்னால் நிற்கும் பயிற்றுநரைப் பார்த்தே செய்துவிடலாம் என்று தோன்றும். தொடக்க அசைவு முடிந்து, ‘காட்டுக்குதிரையின் பிடரி’ என்ற அடுத்த அசைவுக்காக எல்லாரும் இடப்பக்கம் திரும்பியதுமே பயிற்றுநர் பார்வையிலிருந்து போய்விடுவார். அப்போது கண்ணெதிரே விஷயம் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். சிங்கப்பூரின் பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் எங்களுக்கு அப்படி வாய்த்தவர் அங்கிள். வரிசையின் இடது ஓரம் அவருடையது. போன மாதம் காலமானார்.

அவர் பயிற்றுநர் அல்ல. வகுப்பு முடிந்து காப்பிக்கடைக்குப் போகிற வழியில், ஆளுக்கு ஒரு திருத்தம் சொல்லிக்கொண்டே வருவார். எனக்குச் சீனம் தெரியாது. அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. இருவருக்கும் பொதுவாக இருந்தது பழைய பாசார் மலாய். எங்கள் பெற்றோர் அண்டை வீட்டோடு உறவாடியதும் சண்டை போட்டதும் அதில்தான். என்னை ‘அடெக்’ என்பார், உடன்பிறந்த இளையவரைக் கூப்பிடுவது போல. நான் அவசரப்படும்போதெல்லாம், “பெலான் பெலான் (மெதுவா, மெதுவா) அடெக், பஸ் போயிடாது” என்பார்.

பஸ் அவர் பேச்சில் வந்துகொண்டே இருக்கும். 1970களில் நடத்துநராக இருந்தவர். ஒரு கையில் டிக்கெட், மறுகையில் சில்லறை; கம்பியைப் பிடிக்கக் கை ஏது? ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும்போது விழாமல் நிற்கப் பழகிய பிறகுதான் தாய்ச்சிக்கே வந்ததாகச் சொல்வார்.

‘குரங்கை விரட்டுதல்’ என்றொரு கட்டம் உண்டு. நான்கு எட்டு பின்னோக்கி நடக்க வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் அப்படி நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், முதுகுக்குப் பின்னால் தரை இருக்கிறது என்று நம்புவதே பெரும்பாடு. அங்கிள் பக்கத்தில் வந்து நின்று, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொள்வார், கால் எனக்குத் தெரியட்டும் என்று. முன்கால் மொத்த எடையையும் வாங்கிக்கொள்ளும். பின்னால் போவது எடை ஏறாத கால். விரல்கள் முதலில் தரையைத் தொடும், பிறகு பாதம், அப்புறம் குதிகால். அதுவரை எடையில் ஒரு துளிகூட அங்கே போயிருக்காது. நினைத்தால் காலைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். எடுத்தும் காட்டுவார். பிறகு என்னைப் பாதியில் நிற்கச் சொல்லி, என் பின்காலைச் சப்பாத்து முனையால் லேசாகத் தட்டிப் பார்ப்பார். கால் அசையவில்லை என்றால் எடை போய்விட்டது. “சுடா பாயார்!” என்று சிரிப்பார். காசு கொடுத்தாச்சா, பஸ் நிற்கவே இல்லையே!

நாங்கள் செய்வது 24 அசைவுகள் கொண்ட வடிவம். தாய்ச்சியின் யாங் பாணியைச் சுருக்கி 1956-ல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் வகுத்தது. அங்கிள் கற்றதோ செங் மான்-சிங் என்ற ஆசான் அமைத்த 37 அசைவு வடிவம். “உங்களுக்காக 37-லிருந்து 24-க்கு இறங்கி வந்திருக்கிறேன்” என்று அலுத்துக்கொள்வார். செங்கின் மாணவர் ஹுவாங் ஷெங்-ஷியான் 1956-ல் சிங்கப்பூர் வந்தார், பிறகு மலேசியா போனார். அவருடைய மாணவர் ஒருவரிடம்தான் அங்கிள் பயின்றார். 1970-ல், 60 வயதில், கூச்சிங்கில் நடந்த நிதி திரட்டும் நிகழ்ச்சியில் லியாவ் என்ற மல்யுத்த வீரரை ஹுவாங் 26-0 என்று வீழ்த்திய கதையை எத்தனை முறை கேட்டாலும் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

அவர் சொல்லும் இன்னொரு கதை பூங்காவைப் பற்றியது. அங்கே கல்லாங் ஆறு முன்பு நேர்கோடாக ஓடிய கான்கிரீட் கால்வாய். 2012-ல் முடிந்த வேலையில் கரையை உடைத்து வளைய விட்டார்கள்; 2.7 கிலோமீட்டர் 3.2 ஆனது. வேலை நடந்தபோது அங்கிள் தினமும் நின்று வேடிக்கை பார்த்தாராம்.

கடைசி ஆண்டுகளில் பார்க்கின்சன் நோய் வந்தது. வகுப்பு தொடங்கக் காத்திருக்கையில் வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே உரசிக்கொண்டிருக்கும், சில்லறை எண்ணுகிறாற்போல. கை உயர்ந்து அசைவு தொடங்கியதும் அது நின்றுவிடும். ஓய்ந்திருக்கும்போது வருகிற நடுக்கம், கை வேலையில் இறங்கினால் அடங்குவது இந்நோயின் இயல்பு. புதியவர்கள் அதிசயம் என்று கைதட்டியபோது அவர் முகத்தைச் சுளித்தார்.

2012-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ வெளியிட்ட ஓர் ஆய்வைப் பற்றி அவரிடம் சொன்னேன். ஒரிகனில் 195 பார்க்கின்சன் நோயாளிகள், வாரம் இருமுறை, 24 வாரப் பயிற்சி. தாய்ச்சி செய்தவர்களுக்குச் சமநிலை கூடியது. வெறும் தசைநீட்டல் பயிற்சி செய்தவர்களைவிடக் குறைவாக விழுந்தார்கள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அத்தனை வருஷம் செய்த எனக்கு ஏன் வந்தது?” என்றார். நான் என்ன சொல்ல? சர்வரோக நிவாரணி என்று தாய்ச்சியை விற்கிறவர்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லட்டும். நடக்க முடியாமல் போன பிறகு நாற்காலியைக் கொண்டுவந்து அதே இடது ஓரத்தில் போட்டுக்கொண்டு, கைகளால் மட்டும் செய்தார். எடை எந்தக் காலில் இருக்க வேண்டும் என்பதை அவர் இடுப்பைப் பார்த்தே தெரிந்துகொள்வோம்.

இறுதி அஞ்சலி அவருடைய அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்தது. வட்ட மேசைகள், வேர்க்கடலை, தர்பூசணி விதை, பொட்டலப் பானங்கள். வெள்ளை உறைக்குள் ஒற்றைப்படைத் தொகை வைத்துக் கொடுத்தேன். கிளம்பும்போது சிவப்பு நூல் தந்தார்கள். வீடு சேருமுன் அதை எறிந்துவிட வேண்டும். எறிந்தேன், வீட்டுக்குப் போய் நம் வழக்கப்படி தலைக்கும் குளித்தேன். வகுப்புத் தோழர்கள் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, யார் காலை அவர் அதிகம் தட்டினார் என்று வழக்காடிக்கொண்டிருந்தோம். அவர் மகள் கூடுதலாக ஒரு தட்டு கடலை கொண்டுவந்து வைத்துவிட்டு, தானும் உட்கார்ந்து கேட்டாள். அப்பா வீட்டில் இவ்வளவு பேசமாட்டாராம்.

அந்த மேசையிலேயே, அங்கிளோடு கற்ற பழைய தோழர் ஒருவர் எனக்கு 37 சொல்லித்தர ஒப்புக்கொண்டார். இவர் ரொம்பக் கறார். ஒற்றைக் காலில் நிறுத்திவிட்டுப் போனில் பேசப் போய்விடுகிறார். மலாயும் தெரியாது.