கட்டில் அளவு பலகையில் ஆரியங்காவு மலைப்பாதை

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் கடைத்தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. அருவியில் குளித்துவிட்டு அப்பா முன்னே போகிறார். ஈரத் துணி மூட்டையுடன் அம்மா பின்னே வருகிறார். நடுவில் வந்த பையனைக் காணோம்! எங்கே அவன்? பொம்மைக் கடை முன்னால் நிற்கிறான். அங்கே ஒரு ரெயில் ஓடுகிறது. பேட்டரி போட்ட ரெயில். வட்டமான பாதையில் சுற்றிச் சுற்றி வருகிறது.

பையன் அடம் பிடிக்கிறான். ரெயிலை வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. அன்று இரவு விடுதி அறையில் ஒரே ஓட்டம். மறுநாளும் ஓட்டம். மூன்றாம் நாள் ரெயில் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

ரெயில் கெட்டுப் போகவில்லை. பேட்டரியும் தீரவில்லை. பிறகு என்ன குறை? அந்த ரெயில் எந்த ஊருக்கும் போகவில்லை. ஏறும் ஊர் இல்லை, இறங்கும் ஊர் இல்லை. குழந்தைக்கு அது இரண்டே நாளில் தெரிந்துவிடுகிறது.

மாதிரி ரெயில் என்பது வேறு. அதில் ஊர் உண்டு, ஸ்டேஷன் உண்டு, பாலம் உண்டு, சுரங்கம் உண்டு. மெய்யான ரெயிலை அளவு பார்த்துச் சுருக்கிச் செய்வார்கள். 87-ல் ஒரு பங்கு என்பது உலகில் பலரும் கைக்கொள்ளும் கணக்கு. அதாவது, 87 அடி நீளமுள்ள பெட்டி ஒரு அடி நீளமாக நிற்கும். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் 2001-ம் ஆண்டு திறந்த மாதிரி ரெயில் காட்சிசாலையில் இந்தக் கணக்கில்தான் ரெயில்கள் ஓடுகின்றன. அங்கே போட்டிருக்கும் பாதையின் நீளம் மட்டும் 15 கிலோமீட்டருக்கு மேல்! அவ்வளவு தூரம் போவானேன்? நம் நாட்டில் புனே நகரில் ஜோஷி குடும்பத்தார் 1998-ல் ஒரு சிற்றுருவ ரெயில் காட்சிசாலை திறந்தார்கள்.

தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள் இதில் இறங்க வேண்டும் என்பது நம் ஆசை. ஆசைக்குக் காரணம் இருக்கிறது.

நம் ஊர்ப் பாதை

செங்கோட்டையில் இருந்து மேற்கே மலையேறி, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் போகும் ரெயில் பாதையைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கம் கிடையாது. கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைத்து 1904-ல் அந்தப் பாதை திறக்கப்பட்டது. அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த ஊர். 1956 நவம்பர் 1-ந் தேதிதான் அது நம்முடன் சேர்ந்தது.

மலையைக் குடைந்து பாதை போட்டார்கள். பகவதிபுரத்துக்கு அப்பால் ஒரு நீண்ட சுரங்கம் வரும். இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளம். கழுதுருட்டி அருகே கருங்கல்லால் கட்டிய பதிமூன்று கண் பாலம் நிற்கிறது. ஏற்றத்தில் ஒரு என்ஜின் போதாது. முன்னால் ஒன்று இழுக்கும், பின்னால் ஒன்று தள்ளும். அந்த நாளில் ஜன்னல் ஓரத்து இடத்துக்காக அண்ணன் தம்பிகள் சண்டை போடாத குடும்பம் உண்டா?

அது மீட்டர் கேஜ் பாதை. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே சரியாக ஒரு மீட்டர். 2010 செப்டம்பரில் செங்கோட்டை-புனலூர் இடையே மீட்டர் கேஜ் ரெயில் நின்றது. 2018-ல் அகலப் பாதையில் ரெயில் மறுபடி ஓடத் தொடங்கியது. இப்போது இடைவெளி 1,676 மில்லிமீட்டர். வசதியான பெட்டிகள், நீண்ட ரெயில்கள். நல்லதுதான். ஊருக்கு அது தேவை. அதில் நமக்குக் குறை இல்லை.

ஆனால் பழைய பாதை எப்படி இருந்தது என்று இன்று ஒரு பத்து வயதுப் பையன் கேட்டால் என்ன காட்டுவது? சுரங்கத்தைக் காட்டலாம், பாலத்தைக் காட்டலாம். பழைய ஸ்டேஷன் யார்டு எப்படி இருந்தது? எத்தனை லைன்? எந்த இடத்தில் பாயிண்ட் இருந்தது? தள்ளும் என்ஜின் எந்த லைனில் காத்திருந்தது? தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்ட பிறகு, அது சில மனிதர்களின் நினைவில்தான் இருக்கிறது. பாயிண்ட்ஸ்மேன், கேங்மேன், கீமேன், டிரைவர், கார்டு என்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் அவர்கள். பலருக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு வரைந்து வைத்தால் உண்டு. பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

முதலில் படம், பிறகு பாதை

மாதிரி ரெயில் கட்ட ஆசைப்படுகிறவர்கள் செய்யும் முதல் தவறு, முதலிலேயே கடைக்குப் போவது. பாதைத் துண்டுகளை வாங்கிக் குவித்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்து அடுக்கினால் கடைசித் துண்டு சேராது. இரண்டு விரல்கடை இடைவெளி விழும். அல்லது மேசையை விட்டு வெளியே போகும். இந்தத் துண்டுகள் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. விலை ஆயிரக் கணக்கில் போகும். குடும்பஸ்தருக்கு இது கட்டுமா?

இதற்காகவே பாதை வரையும் கம்ப்யூட்டர் நிரல்கள் வந்திருக்கின்றன. சாப்ட்வேர் என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். எனிரெயில், ஸ்கார்ம் என்று பல உண்டு. எக்ஸ்-டிராக்-கேட் என்பது முழுவதும் இலவசம். யாரும் இன்டர்நெட்டில் இருந்து இறக்கிக் கொள்ளலாம். அதற்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டியதில்லை. 2011-ல் இருந்து சில ஆண்டுகள் அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்தது அல்லவா? படித்து முடித்த அக்காளின் மடிக்கணினி பரணில் தூங்கிக் கொண்டிருக்கும். தட்டி எழுப்புங்கள். திரையில் வரும் சொற்கள் ஆங்கிலம்தான். நாலைந்து சொல் தெரிந்தால் வேலை நடக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளை பக்கத்தில் இருந்தால் போதும்.

எப்படி வரைவது? முதலில் பலகையின் நீள அகலத்தைக் கொடுக்க வேண்டும். திரையில் கட்டம் விழும். பிறகு நேர்த்துண்டு, வளைவுத் துண்டு, பாயிண்ட் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டும். ஒரு துண்டின் நுனியை அடுத்த துண்டின் அருகே கொண்டு போனால் இரண்டும் கவ்விக் கொள்ளும். சேராத இடம் கண்ணுக்குத் தெரியும். எத்தனை துண்டு வேண்டும் என்று பட்டியலும் கிடைக்கும். பாதை எவ்வளவு ஏறுகிறது என்ற கணக்கையும் அதுவே சொல்லும். தவறு செய்தால் அழித்து வரையலாம். காசு செலவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

செங்கோட்டையில் இருந்து புனலூர் வரை ஏறக்குறைய 49 கிலோமீட்டர். 9 மில்லிமீட்டர் அகலத்தில் சிறிய மாதிரிப் பாதை கடைகளில் கிடைக்கிறது. அந்த 9 மில்லிமீட்டரை ஒரு மீட்டர் என்று வைத்துக் கொண்டால், எல்லாம் 111-ல் ஒரு பங்கு ஆகிவிடும். அந்தக் கணக்கில் 49 கிலோமீட்டர் எவ்வளவு? 440 மீட்டர்! வீட்டில் போட முடியுமா? ஒரு தெருவே வேண்டும்.

ஆகவே, பொறுக்கி எடுக்க வேண்டும். எதை வைத்துக் கொள்வது, எதை விடுவது என்று யோசிக்கும்போதுதான் பிள்ளைகள் அந்தப் பாதையையே படிக்கிறார்கள். எனக்குக் கேட்டால், ஒரு ஸ்டேஷன், ஒரு சுரங்கம், ஒரு பாலம் போதும் என்பேன்.

ஆறரை அடி நீளமும் நாலு அடி அகலமும் உள்ள கட்டில் அளவுப் பலகை ஒன்று இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். அதாவது 198 சென்டிமீட்டருக்கு 122 சென்டிமீட்டர். நடுவில் நீளவாக்கில் ஒரு மலையை நிறுத்துங்கள். முன்பக்கம் செங்கோட்டை ஸ்டேஷன். பின்பக்கம் பதிமூன்று கண் பாலம். ரெயில் செங்கோட்டையை விட்டுப் புறப்பட்டு, பலகையின் ஓரத்தில் சுரங்கத்துக்குள் நுழைகிறது. உள்ளே வளைந்து மறுபக்கம் வந்தால் கேரளம்! அண்ணன் இந்தப் பக்கமும் தங்கை அந்தப் பக்கமும் உட்கார்ந்து கொள்ளலாம். ஒருவருக்குத் தெரியும் ரெயில் மற்றவருக்குத் தெரியாது. "வந்தாச்சா? வந்தாச்சா?" என்று கேட்டுக் கொண்டே இருப்பார்கள்.

பாலம் அடங்குமா? மெய்யான பாலம் ஏறக்குறைய 100 மீட்டர் நீளம். 111-ல் ஒரு பங்கு என்றால் 90 சென்டிமீட்டர். பலகையின் இரு கோடியிலும் 45 சென்டிமீட்டர் ஆரத்தில் வளைவு வைத்து, ஓரத்தில் ஐந்தைந்து சென்டிமீட்டர் விட்டால், நடுவில் நேராக 98 சென்டிமீட்டர் கிடைக்கிறது. பாலம் அடங்கிவிட்டது! 8 சென்டிமீட்டர் மிச்சம்கூட இருக்கிறது. மெய்யான மலைப்பாதை வளைவை இதே கணக்கில் சுருக்கினால் இந்தக் கட்டில் போதாது. வளைவில் மட்டும் கொஞ்சம் பொய் சொல்லத்தான் வேண்டும்.

பாலம் என்றதும் எல்லாரும் ரெயிலை மேலே தூக்கப் பார்ப்பார்கள். அங்கேதான் தொல்லை. பாதை ஒரு மீட்டர் ஓடும்போது இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் ஏறலாம். அதற்கு மேல் ஏற்றினால் சிறு என்ஜினின் சக்கரம் வழுக்கிச் சும்மா சுற்றும். அப்புறம் இங்கேயும் பின்னால் ஒரு என்ஜினை வைத்துத் தள்ள வேண்டியதுதான்! ரெயிலைத் தூக்காதீர்கள். பலகையை வெட்டிக் கீழே இறக்குங்கள். பள்ளம் வந்தால் பாலம் தானாக உயர்ந்து நிற்கும். மலையிலும் பள்ளத்தாக்கு இருந்ததால்தானே பாலம் கட்டினார்கள்?

ஸ்டேஷன் பக்கம் வருவோம். பையனுக்கு ஐந்து பெட்டி ரெயில் வேண்டும். ஒரு பெட்டி ஏறக்குறைய 18 சென்டிமீட்டர். ஐந்து பெட்டிக்கு 90. என்ஜினையும் சேர்த்தால் நூறைத் தாண்டிவிடும். சரி, நாலு பெட்டி? அடங்கும். ஆனால் எதிரே வரும் ரெயில் ஒதுங்க லூப் லைன் வேண்டாமா? அதற்கு இரண்டு பாயிண்ட். ஒவ்வொரு பாயிண்டும் ஒரு சாண் வரை இடத்தைத் தின்றுவிடும். மூன்று பெட்டிதான் நிற்கும். ரெயில்வே அதிகாரிகள் பிளாட்பாரத்தை நீட்டுவதா, லூப் லைனை நீட்டுவதா என்று மண்டையை உடைத்துக் கொள்வது ஏன் என்று அப்போது பையனுக்குப் புரியும்.

ஓர் எச்சரிக்கை. திரையில் எல்லாம் அழகாகச் சேர்ந்துவிட்டாலும் மின்சாரம் சேர வேண்டும். இந்த ரெயில்களில் ஒரு தண்டவாளத்தில் மின்சாரம் போய் மற்றதில் திரும்புகிறது. பாதை ஒரு வளையம் அடித்துத் தன்னுடனே வந்து சேரும்படி, அதாவது ரெயில் திசை திரும்பி வரும்படி வரைந்துவிட்டால், இடது தண்டவாளம் வலது தண்டவாளத்தைத் தொட்டுவிடும். ஷார்ட் ஆகும். அந்த இடத்தில் தண்டவாளத்தைத் துண்டித்து, தனி இணைப்புக் கொடுக்க வேண்டும். சாதாரண முட்டை வடிவப் பாதைக்கு இந்த வம்பு இல்லை.

விளையாட்டா இது?

"படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு?" என்று சில வீடுகளில் கேட்பார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரியில் 1946-ல் மாணவர்கள் ஒரு மாதிரி ரெயில் சங்கம் தொடங்கினார்கள். ரெயில் மேசைக்கு அடியில் படுத்துக் கொண்டு கம்பிகளை இணைத்த பையன்கள் சிலர், 1950-களின் கடைசியில் கல்லூரிக் கம்ப்யூட்டர் பக்கம் போனார்கள். கம்ப்யூட்டர் நிரல் எழுதும் கலையின் ஆரம்ப வரலாற்றில் அந்தச் சங்கத்துக்கு ஒரு இடம் உண்டு. அதற்காக நம் பிள்ளைகள் எல்லாரும் அப்படி ஆகிவிடுவார்கள் என்று நாம் சொல்லவில்லை. பின்னமும் விகிதமும் ஆரமும் விட்டமும் அடி வாங்காமல் மனதில் ஏறும். அது போதாதா?

காசு இல்லாதவர்கள் ரெயில் வாங்கவே வேண்டாம். வரைந்த படத்தை முழு அளவிலேயே அச்சிடலாம். தாள்களை ஒட்டித் தரையில் விரித்தால் பாதை தயார். சோப்புப் பெட்டி ஸ்டேஷன் ஆகும். அட்டையை வெட்டினால் பதிமூன்று கண். தீப்பெட்டிகளைக் கோத்தால் ரெயில்.

தென்காசி, செங்கோட்டைப் பள்ளிகள் இதை ஒரு வேலையாக எடுத்துக் கொள்ள வேண்டும். ஓய்வு பெற்ற ரெயில்வே ஊழியர் ஒருவரைச் சனிக்கிழமை காலையில் பள்ளிக்கு அழையுங்கள். மடிக்கணினியை அவர் முன் வையுங்கள். அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் வரையட்டும். இன்னொருவர் வந்து, "அந்த லைன் அங்கே இல்லை, இங்கே" என்று மறுத்தால் அதையும் குறித்துக் கொள்ளட்டும். ரெயில்வே நிர்வாகமும் கைகொடுக்கலாம். பழைய ஸ்டேஷன் வரைபடங்கள் மதுரைக் கோட்டத்தின் வசம் இருக்குமானால், பள்ளிகளுக்கு ஒரு நகல் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? வரைந்து முடித்த படம் ஊர் நூலகத்தில் இருக்கட்டும்.

மீட்டர் கேஜ் ரெயிலைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகளை மேட்டுப்பாளையம் அழைத்துப் போங்கள். ஊட்டி மலை ரெயில் இன்றும் ஒரு மீட்டர் பாதையில்தான் ஓடுகிறது. கையில் ஒரு அளவு நாடா இருக்கட்டும்.

வீட்டில் இருப்பவர்கள் இன்றே தொடங்கலாம். பரணில் இருந்து மடிக்கணினி இறங்குவதற்குள் கட்டிலை அளந்து விடுங்கள். சென்டிமீட்டரில் எழுதிக் கொள்ளுங்கள்.