அமுதும் நஞ்சாகும்போது

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது பழமொழி. பிறருக்கு ஏற்ற அளவே சில குழந்தைகளுக்கு மிஞ்சிய அளவாகி விடுவதை நாம் அறிவோமா?

நார்வே நாட்டுத் தாய் ஒருவர், தம் மக்கள் இருவரும் அறிவு வளர்ச்சி குன்றி வருவதைக் கண்டு மருத்துவர் பலரை நாடினார். பிள்ளைகளிடம் வீசிய விநோத வாடையையும் அவர் கவனித்திருந்தார். 1934-இல் மருத்துவர் ஃபோலிங், அவர்களது சிறுநீரில் ஃபெரிக் குளோரைடைச் சேர்க்கவே, அது பச்சை நிறமாயிற்று. பால், பருப்பு, இறைச்சி முதலியவற்றின் புரதத்திலுள்ள ஃபினைல்அலனின் என்னும் பொருளை மாற்றியமைக்க அவர்கள் உடலால் இயலவில்லை. அது இரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுத்தது.

இக்குறை தாய், தந்தை இருவர் வழியாகவும் சேர்ந்து வருவது. அவர்களோ நலமுடன் இருப்பர். ஆகவே தாயை மட்டும் பழிப்பது அநீதி. சாபம் என்பது அறியாமை. நெருங்கிய உறவில் மணப்போரின் பிள்ளைகளுக்கு இத்தகைய நோய்கள் வரும் வாய்ப்பு மிகுதி என்பதை, சொந்தத்தில் சம்பந்தம் பேசும் நம் குடும்பங்கள் எண்ணிப் பார்ப்பனவாக.

1950-களில் அப்பொருள் குறைந்த உணவு நற்பலன் தந்தது. 1960-களில் ராபர்ட் கத்ரி வகுத்த சோதனைக்குக் குதிகாலின் சில துளி இரத்தமே போதுமானதாயிற்று. பிறந்த சில நாட்களில் கண்டறிந்து உணவை ஒழுங்குபடுத்தினால் மூளை காக்கப்படும். காலந்தாழ்த்தினால் இழந்ததை முழுதும் மீட்க இயலாது.

பெற்றோரே, பிறப்பின் அமைப்பு நம் கையில் இல்லை. உணவோ நம் கையில் உள்ளது. குழந்தை பிறந்தவுடன் இச்சோதனை பற்றி மருத்துவரிடம் கேட்டறிவீர்களாக.