பேஸிக் இல்லாதது மாணவர்களுக்கா, வகுப்பறைக்கா?

‘கணக்குக்குச் சாதி தெரியாது’ என்று நம் கல்லூரிகளில் பெருமையாகச் சொல்வதுண்டு. வரலாற்றுப் பாடத்தில் பார்வை இருக்கலாம், மொழிப் பாடத்தில் விருப்பு வெறுப்பு இருக்கலாம், கணக்கில் விடை ஒன்றுதான், ஆகவே அங்கே பாகுபாடு நுழைய வழியே இல்லை என்பது அவர்கள் வாதம். கணிதத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவன் என்ற முறையில் இதை மறுக்க விரும்புகிறேன். விடைக்குச் சாதி தெரியாதுதான். இன்டர்னல் மார்க் போடுகிறவருக்குத் தெரியும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தென்கிழக்குக் கோடியில், ஊத்தங்கரையிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது சிங்காரப்பேட்டை. இங்கும் சுற்றியுள்ள காலனிகளிலும் இருந்து பொறியியலோ பி.சி.ஏ.வோ படிக்கப் போகிற பிள்ளைகள் பர்கூர், கிருஷ்ணகிரி, ஓசூர், திருப்பத்தூர், சேலம் என்று பல ஊர்க் கல்லூரிகளில் இருக்கிறார்கள். பலரும் தங்கள் வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள். விடுமுறைக்கு நான் ஊருக்கு வரும்போதெல்லாம் நான்கைந்து பேராவது அரியர் பேப்பரோடு வந்துவிடுவார்கள். அவர்கள் கொண்டுவருவதில் அடிக்கடி இருக்கும் தாள் டிஸ்கிரீட் மேத்தமேட்டிக்ஸ். ‘இது ஒண்ணு போயிட்டா போதும்ணா’ என்பார்கள்.

எனக்கு இது வியப்பாக இருக்கிறது. ஏனென்றால் பொறியியல் மாணவர் படிக்கும் கணிதத் தாள்களிலேயே முன்படிப்பை அதிகம் கேட்காத தாள் இதுதான். கணினி அறிவியல் மாணவர்களுக்கு மூன்றாம் செமஸ்டரில் வருகிறது. தர்க்கமும் நிறுவலும், எண்ணும் முறைகள், கோட்டுருக்கள், குலங்கள் முதலான இயற்கணித அமைப்புகள், பூலியன் இயற்கணிதம் ஆகிய ஐந்து அலகுகள். (கணிதக் கலைச்சொல்லில்கூடக் குலம் நம்மை விடவில்லை.) வகையீடும் தொகையீடும் தெரியாமலே இதில் பெரும்பகுதியைப் படித்துவிடலாம். ‘மழை பெய்தால் பள்ளி விடுமுறை’ என்ற கூற்று எப்போது பொய்யாகும் என்று யோசிக்கத் தெரிந்தால் முதல் அலகுக்குள் நுழைந்துவிடலாம். லட்சக்கணக்கில் கட்டி நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்குப் போனவருக்கும் போகாதவருக்கும் தொடக்கக் கோடு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் பாடம் இது.

அது மட்டுமல்ல. தமிழ்நாட்டின் புதிய பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணித நூலில் தனிநிலைக் கணிதம் என்று ஓர் இயலே இருக்கிறது. கணங்கள், உறவுகள், சார்புகள், வரிசை மாற்றங்கள், சேர்வுகள், கணிதத் தொகுத்தறிதல் எல்லாம் பதினொன்றிலேயே வந்துவிடுகின்றன. ஊத்தங்கரைப் பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழில் படித்த பெண் இந்தப் பாடத்தின் பாதிக் கருத்துகளை ஏற்கெனவே படித்துத் தேர்ச்சி பெற்றுத்தான் கல்லூரிக்குள் வருகிறாள். பள்ளியில் தெரிந்தது கல்லூரியில் தெரியாமல் போனது எப்படி?

பிள்ளைகள் சொல்வதைத் தொகுத்துச் சொல்கிறேன். எந்தக் கல்லூரி, எந்த ஆசிரியர் என்று எழுதப் போவதில்லை. அவர்களுடைய மார்க் இன்னும் அந்தக் கைகளில்தான் இருக்கிறது.

முதல் வகுப்பிலேயே ‘தமிழ் மீடியம் யார் யார்?’ என்று கை தூக்கச் சொல்கிறார்கள். அடுத்த வாரம் ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் வாங்க வகுப்பிலேயே பட்டியலை வாசிக்கிறார்கள். அன்றோடு யார் எந்தச் சாதி என்று அறுபது பேருக்கும் தெரிந்துவிடுகிறது. பிறகு கரும்பலகைக்கு அழைப்பது முன்வரிசையை. கேள்வி கேட்டால் வரும் பதில்: ‘இதுகூடத் தெரியலையா? உங்களுக்கெல்லாம் பேஸிக்கே இல்ல.’ சில வாய்களில் அடுத்த வாக்கியமும் வருகிறது: ‘கோட்டாவுல வந்தா இப்படித்தான்.’ ஒரு மாணவி சொன்னார்: “டவுட் கேட்டா சாருக்குப் பேரு ஞாபகம் இருக்கும்ணா. பேரு ஞாபகம் இருந்தா இன்டர்னல்ல தெரியும். அதான் கேக்கறதே இல்ல.” கேள்வி கேட்காமல் கணிதம் படிக்க உலகில் எவராலும் முடியாது. கேள்வியை நிறுத்திவிட்டு, பிறகு ‘இவளுக்கு ஆர்வமே இல்லை’ என்று எழுதுவது எவ்வளவு எளிது!

என் இளநிலைப் படிப்பில் எனக்கே நேர்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆறு ஆண்கள், நான்கு பெண்கள். அவர்களிலிருந்து மூவர் கொண்ட குழு, குறைந்தது ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும், எத்தனை வழிகள்? வகுப்பு நோட்ஸில் இருந்த வழி, எல்லாக் குழுக்களையும் எண்ணி, ஆண்கள் மட்டுமே உள்ள குழுக்களைக் கழிப்பது: 120இல் 20 போக 100. நான் ஒரு பெண், இரு பெண்கள், மூன்று பெண்கள் என்று தனித்தனியாக எண்ணிக் கூட்டினேன்: 60, 36, 4. கூட்டினால் அதே 100. தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் கேட்டது, ‘யாரைப் பார்த்து எழுதின?’ நோட்ஸில் இல்லாத வழியை நான் யோசித்திருக்க முடியும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அதே தேர்வில் வேறு கணக்கை வேறு வழியில் போட்ட இன்னொரு மாணவனை எழுப்பி வகுப்பையே கைதட்டச் சொன்னார். அவன் சாதியும் அவர் சாதியும் ஒன்று. விடை ஒன்றாக இருந்தால் பாகுபாட்டுக்கு இடமில்லை என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைத்தான் பார்க்க மறுக்கிறார்கள். கணிதத்தில் மார்க் விடைக்கு மட்டும் விழுவதில்லை. வழிக்கு விழுகிறது. அந்த வழி உன்னுடையதா என்று தீர்மானிப்பவர் மனிதர்.

அந்த மனிதரின் அதிகாரம் இப்போது கூடியிருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில் இன்டர்னலுக்கு 20, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 80. 2021 ஒழுங்குமுறையில் தியரி தாள்களுக்கு அது 40, 60 என்று மாறியது. தேர்ச்சிக்கு மொத்தத்தில் 50 வேண்டும். பல்கலைக்கழகத் தேர்வில் குறைந்தது 45 விழுக்காடு, அதாவது 60க்கு 27 வேண்டும். இன்டர்னலில் 35 வாங்கியவர் 27 எடுத்தால் பாஸ். 16 வாங்கியவர் 34 எடுத்தாக வேண்டும். ஒரே கேள்வித்தாளில் இருவருக்கும் ஏழு மார்க் வித்தியாசம். தொடர் மதிப்பீடு நல்ல கொள்கைதான். ஒரே நாளில் எழுதும் தேர்வைவிட நியாயமானதும்கூட. ஆனால் பெயர் தெரியாதவர் திருத்தும் மார்க்கைக் குறைத்து, பெயரும் ஊரும் ஸ்காலர்ஷிப் பட்டியலும் தெரிந்தவர் போடும் மார்க்கைக் கூட்டும்போது, அதற்கான கண்காணிப்பும் கூட வேண்டாமா?

இந்தப் பகுதியில் ஓர் அரியரின் விலை என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டி. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் நிறுவனங்கள் வைக்கும் வழக்கமான நிபந்தனை ‘அரியர் இருக்கக் கூடாது’. அந்த ஒரு வரியில் தடுக்கப்பட்ட பிள்ளை பொறியியல் சேர்ந்து நான்கு ஆண்டு கழித்து ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளி சிப்காட்டில் கான்ட்ராக்ட் ஆபரேட்டராக ஷிப்டுக்குப் போகிறது. உழைப்பு எதுவும் இழிவல்ல. ஆனால் நிரல் எழுதப் படித்தவரை நிரல் எழுதும் இடத்திலிருந்து விலக்கி, பெற்றோர் நின்ற வரிசைக்கே திருப்பி அனுப்புவது சாதி காலங்காலமாகச் செய்துவரும் வேலை.

‘எம்-பேப்பரில் எல்லோரும்தான் ஃபெயிலாகிறார்கள், அவர் எல்லோரையும்தான் திட்டுகிறார்’ என்று ஒரு பதில் வரும். உண்மைதான், கணிதத் தாள்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் விழுகிறார்கள். விழுந்த பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒருவருக்கு ‘இந்த முறை சரியாகப் படிக்கல’ என்ற சொல் கிடைக்கிறது. இன்னொருவருக்கு ‘இவங்களுக்கு இது வராது’ என்ற சொல். முதலாவது ஒரு செமஸ்டரைப் பற்றியது, இரண்டாவது ஒரு பிறப்பைப் பற்றியது. பல கல்லூரிகளில் ஆசிரியர்களே தொகுப்பூதியத்தில் அல்லாடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அவர்கள் கோபம் நியாயமானது. அது பின்வரிசை மாணவர் மீது இறங்குவது நியாயமல்ல.

2022 ஜூலையில், நம் மாவட்டத்துக் கலைக் கல்லூரிகள் இணைந்திருக்கும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் முதுகலை வரலாற்றுத் தேர்வில், தமிழ்நாட்டின் தாழ்ந்த சாதி எது என்று நான்கு விடைகளோடு ஒரு கேள்வி வந்தது. அச்சில் இருந்ததால் ஊரே கொதித்தது. கணக்கு வகுப்பில் நடப்பது அச்சில் வருவதில்லை. உயிர் போன பிறகுதான் செய்தியாகிறது.

சேலம் மாவட்டத்தின் பன்னியாண்டிச் சமூகத்திலிருந்து ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆய்வுக்குப் போன செந்தில்குமார் 2008 பிப்ரவரியில் தற்கொலை செய்துகொண்டார். பாடநெறித் தாள் ஒன்றில் தேறாததால் அவர் உதவித்தொகை நின்றிருந்தது, வழிகாட்டியும் ஒதுக்கப்படவில்லை. 2015இல் ரூர்க்கி ஐஐடி மதிப்பெண் குறைவென்று முதலாண்டு மாணவர்கள் 73 பேரை வெளியேற்றியது. பெரும்பாலோர் இடஒதுக்கீட்டுப் பிரிவினர். போராட்டத்துக்குப் பிறகே மீண்டும் சேர்த்துக்கொண்டது. 2023இல் டெல்லி ஐஐடியில், ஜூலையில் ஆயுஷ் அஷ்னா, செப்டம்பரில் அனில் குமார் என்று இரண்டு தலித் மாணவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். இருவரும் ஒரே துறை: கணிதமும் கணினியியலும். அதன்பின் அந்த நிறுவனம் இடைத்தேர்வுகளில் ஒன்றைக் குறைத்தது. தேர்வுச் சுமை என்று பெயர் வைத்துவிட்டால் சாதி என்ற சொல்லை உச்சரிக்க வேண்டியதில்லை. இத்தனைக்கும் 2007இலேயே எய்ம்ஸ் பற்றிய தோரட் குழு அறிக்கை, தங்களுக்கு ஆசிரியர்களின் போதிய ஆதரவு கிடைப்பதில்லை என்று எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களில் சுமார் 69 விழுக்காட்டினர் கூறியதைப் பதிவுசெய்திருந்தது.

கரும்பலகைக்கு இந்தப் பக்கம் நிற்பவரும் தப்புவதில்லை. சென்னை ஐஐடியில் இயற்கணிதம் கற்பித்த பேராசிரியர் வசந்தா கந்தசாமி, இடஒதுக்கீட்டுக்கும் ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்கும் ஆதரவாக நின்றவர். எத்தனையோ நூல்களும் ஆய்வுக் கட்டுரைகளும் எழுதிய அவர் பதவி உயர்வுக்காக நீண்ட சட்டப் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. தமிழ்நாடு அரசு 2006இல் துணிவுக்கான கல்பனா சாவ்லா விருதை அவருக்கு வழங்கியது. கணிதம் கற்பிக்கத் துணிவுக்கான விருது வாங்க வேண்டியிருக்கும் நாட்டில் கணக்குக்குச் சாதி தெரியாதாம்!

மாற்று இல்லாமல் இல்லை. 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் நுண்கணிதத்தில் தொடர்ந்து தோற்றார்கள். யூரி டிரெய்ஸ்மன் என்பவர் காரணம் தேடினார். ஆர்வமின்மை, பள்ளியில் பலவீனம், வறுமை, குடும்பத்தில் அக்கறையின்மை என்று சக ஆசிரியர்கள் சொன்னார்கள். அதாவது ‘பேஸிக் இல்லை’. அவர் இருபது கறுப்பின மாணவர்களையும் இருபது சீன மாணவர்களையும் கூடவே இருந்து கவனித்தார். அந்தக் காரணங்கள் எதுவும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் கடுமையாக, ஆனால் தனியாகப் படித்தார்கள். சீன மாணவர்கள் கூடிப் படித்தார்கள், ஒருவர் தவறை மற்றவர் திருத்தினார்கள். அவர் ‘வீக் ஸ்டூடன்ட்ஸ்’ வகுப்பு நடத்தவில்லை. கூடி உட்காரவைத்துக் கடினமான கணக்குகளைக் கொடுத்தார். தேர்ச்சி மாறியது. இங்கே நம் பிள்ளைகளைத் தனிமைப்படுத்துவது ஸ்காலர்ஷிப் பட்டியல் வாசிப்பில் தொடங்குகிறது. நோட்ஸ் கைமாறும் வாட்ஸ்அப் குழுவில் சேர்க்காமல் விடுவதில் தொடர்கிறது.

சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 சமத்துவ ஒழுங்குமுறை, வகுப்பில் சாதியை அறிவிப்பதையும், மதிப்பெண் குறைவுக்குச் சாதியைக் காரணம் காட்டிப் பேசுவதையும், மதிப்பீட்டில் பாகுபாடு காட்டுவதையும் தடைசெய்கிறது. சம வாய்ப்பு மையமும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் வேண்டும் என்கிறது. உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார் என்று கேட்டுப் பாருங்கள். என்னிடம் வந்த பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியவில்லை.

நாம் கேட்க வேண்டியவை பெரிய புரட்சியல்ல. இன்டர்னல் விடைத்தாளைத் திருத்திய குறிப்புகளோடு மாணவரிடம் தர வேண்டும். எதற்கு எவ்வளவு மார்க் என்று முன்பே எழுதி ஒட்ட வேண்டும். முறையிட்டால் வேறு கல்லூரி ஆசிரியர் பெயர் மறைத்துத் திருத்த வேண்டும். கூற்று, கோட்டுரு, தொகுத்தறிதல் என்று பள்ளியில் படித்த சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் அருகருகே வைத்த கையேடு முதல் வாரமே கிடைக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிக்கான செயல்திட்டச் சட்டத்தை 2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியிருக்கிறது. அந்த நிதியில் அரசு விடுதிகள்தோறும் கணிதக் கூட்டுப் படிப்பு வட்டங்கள் தொடங்கலாம். ஊரில் நம் தோழர்கள் அம்பேத்கர் பெயரில் நடத்தும் இரவுப் பாடசாலைகள் பத்தாம் வகுப்போடு நின்றுவிடக் கூடாது. அரியர் பேப்பரோடு வரும் கல்லூரிப் பிள்ளைக்கும் அங்கே ஒரு பாய் போட வேண்டும்.

இவற்றில் முதல் வேலைக்கு நிதி வேண்டாம், குழு வேண்டாம், அரசாணையும் வேண்டாம். அடுத்த செமஸ்டர் தொடங்கும்போது ஸ்காலர்ஷிப் பட்டியலை வகுப்பில் வாசிக்காமல், அந்தந்த மாணவரைத் தனியாக அழைத்து விண்ணப்பத்தைக் கையில் கொடுங்கள். அதைச் செய்த பிறகு பேஸிக்கைப் பற்றிப் பேசுவோம்.