அச்சின் பெயரை எந்த மொழியில் எழுதுவது?

பைத்தானில் இடைமுகத்துக்கும் வரைபடத்துக்கும் எந்த நூலகம் சிறந்தது என்பது ஆய்வு மாணவர்களிடையே ஓயாத விவாதம். வேகம், அழகு, எளிமை ஆகியவற்றையே அனைவரும் ஒப்பிடுகின்றனர். அந்தப் படத்தை யார், எந்த மொழியில் பார்க்கப் போகிறார் என்பதை எவரும் கேட்பதில்லை.

திருப்பதிக்கு அருகே காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வகத்தின் ரேடார் உள்ளது. 53 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் அதில் 1024 யாகி ஆண்டெனாக்கள். இத்தகைய கருவியின் தரவை ஆய்விதழுக்கு வரைய மேட்பிளாட்லிப் போதும். ஜான் ஹண்டர் 2003இல் வெளியிட்ட அந்நூலகம், அச்சுத் தரமான நிலைப்படங்களில் இன்றும் வலுவானது. கணந்தோறும் மாறும் அலையைத் திரையில் காட்டவேண்டுமெனில் பைக்யூட்டிகிராஃபே பொருந்தும். இதுவரை கருத்து வேறுபாடு இல்லை.

சித்தூர் மாவட்டத்துத் தோத்தாபுரி மாம்பழத்தின் விலைப்போக்கை விவசாயிகளுக்குக் காட்டும் செயலியை ஒரு மாணவர் எழுதுவதாகக் கொள்வோம். அம்மாவட்டத்தில் தெலுங்கும் தமிழும் அருகருகே வழங்குகின்றன. 'விலை' என்னும் சொல்லில் ஐகாரக் குறி கணினியில் லகரத்துக்குப் பின்னே சேமிக்கப்படுகிறது. திரையில் முன்னே வரவேண்டும். மேட்பிளாட்லிப் நெடுங்காலமாக எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே அடுக்கி வந்ததால் குறி இடம் மாறி நின்றது. 'சித்தூர்' என்பதைத் தெலுங்கில் எழுதினால் கூட்டெழுத்து உடைந்தது. பிழையான எழுத்தைக் காட்டும் படத்தின் எண்களை விவசாயி ஏன் நம்பவேண்டும்?

க்யூட்டி எழுத்துகளை முறைப்படி கோக்கிறது. ஆகவே அதன்மேல் அமைந்த பைக்யூட்டிகிராஃபில் இச்சிக்கல் எழுவதில்லை. ப்ளாட்லி, போகே ஆகியவற்றில் அப்பணியை உலாவியே செய்துவிடுகிறது. மேட்பிளாட்லிப்பையே விரும்புவோருக்கு எம்பிஎல்கெய்ரோ துணைநிற்கும். உரிமத்தையும் பார்க்கவேண்டும்: பைக்யூட்டி ஜிபிஎல் உரிமத்தது, மூலநிரலை வெளியிடாமல் செயலியை விநியோகிக்க வணிக உரிமம் வாங்கவேண்டும். எல்ஜிபிஎல் உரிமமுள்ள பைசைடு அவ்வகையில் தாராளமானது.

ஆய்விதழ்கள் ஆங்கிலத்தில்தானே வருகின்றன என்பர். உண்மையே. ஆயினும் மழையும் காற்றும் விலையும் அம்மண்ணின் தரவுகள். ஆய்விதழோடு அவற்றின் பயணம் முடிந்துவிடலாகாது. இரு நூலகங்களைக் கற்பது சுமை என்போர், கணக்கிடும் நிரலை வரையும் நிரலிலிருந்து பிரித்து எழுதினால் போதும். பின்னர் நூலகத்தை மாற்றுவது சிறுவேலை.

எனவே, புதிய நூலகத்தில் முதலில் வரையவேண்டியது சைன் அலை அன்று. அச்சின் பெயராக 'விலை' என்று எழுதிப் பார்க்கவேண்டும். அது சரியாக வந்தபின் வேகத்தை அளக்கலாம்.