கழுத்தில் 'படக்' சத்தம் வேண்டாம்

முடி வெட்டி முடித்ததும், நம் தலையை இரண்டு கையாலும் பிடித்து 'படக்' என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிவிடுவார்களே, அந்த வழக்கத்தை எதிர்த்துத்தான் இன்று எழுதுகிறேன். முப்பது வருடம் ஆபீஸில் ஃபைலுக்குள் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்தவன் நான். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கும் திருப்தியாக இருந்தது. கோபப்படுகிறவர்கள் முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

எல்லாத் தலைவலியும் ஒன்றல்ல. பிரெஞ்சுப் பள்ளியில் நாங்கள் படித்த 'மிக்ரேன்' என்ற சொல்லின் மூலம், 'பாதி மண்டை' என்னும் கிரேக்கச் சொல். நாமும் ஒற்றைத் தலைவலி என்கிறோம். பெயரைத் தனியாக வைத்துவிட்டு, வைத்தியம் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றாகச் செய்தால் எப்படி?

மிக்ரேன் விண்விண்ணென்று தெறிக்கும், குமட்டும், வெளிச்சம் ஆகாது. இறுக்கத் தலைவலி, தலையைச் சுற்றித் துணி கட்டியதுபோல் இருக்கும். மூன்றாவது, பிடரியில் தொடங்கி ஒரு பக்கமாக ஏறும். கழுத்தைத் திருப்பினால் கூடும். என்னுடையது இந்த மூன்றாவது வகை. கைவைத்தியம் நன்றாகக் கேட்பது இதற்குத்தான். 2002-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளிவந்த ஆய்வில், இப்படிக் கழுத்திலிருந்து தலைவலி வந்த 200 பேர் கலந்துகொண்டார்கள். ஆறு வாரக் கைவைத்தியமும் உடற்பயிற்சியும் தந்த நிவாரணம் ஒரு வருடம் கழித்தும் நிலைத்திருந்தது. எனக்கும் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் மெதுவாக அழுத்தி, மோவாயை உள்ளிழுக்கும் பயிற்சி சொல்லித்தந்துதான் குணமானது. ஒரு 'படக்'கூடக் கேட்கவில்லை.

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு குழாய்கள் கழுத்தெலும்புகளின் ஓட்டை வழியாகத்தான் ஏறுகின்றன. வெடுக்கென்று திருப்பினால் அவற்றின் உட்சுவர் கிழியலாம், பக்கவாதம் வரலாம். அரிதுதான். ஆனால் முடி வெட்டப் போன இடத்தில் அந்த ஆபத்து எதற்கு?

என் சகலைக்கு எழுபது வயதில் புதிதாக நெற்றிப்பொட்டில் வலி வந்தது. தலை சீவினாலே வலிக்கும், சாப்பிட்டால் தாடை நோகும். மூன்று வாரம் சலூனில் தலையைப் பிடித்துவிடச் சொன்னார். நானும், "போங்க சகலை, சரியாயிடும்" என்றேன். ஒரு நாள் காலையில் வலது கண் இருண்டது. நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயில் அழற்சி என்றார் டாக்டர். உடனே ஸ்டீராய்டு கொடுத்ததால் இடது கண் தப்பியது. முதல் வாரமே வந்திருந்தால் இரண்டும் தப்பியிருக்கலாம்.

ஐம்பது வயதுக்குமேல் புதிதாக வரும் தலைவலிக்கு முதலில் டாக்டர், பிறகுதான் கைவைத்தியம். தாடை நோவோ பார்வை மங்கலோ சேர்ந்திருந்தால் அன்றைக்கே போக வேண்டும். சலூனில் முடி மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். "போங்க" என்று சொன்னவன் நான். அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.